கல்லில் சட்டம் எழுதிய காலத்துக் காவலன்



சிராங்கூன் சாலைப் பக்கம் நடக்கும் சங்கக் கூட்டங்களுக்கு அப்பாவோடு போயிருக்கிறீர்களா? அங்கே பெரியவர்கள், "கணக்கு எங்கே?" என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு ஆயிரம் வயசுக்கு மேலே ஆகிறது, தெரியுமா?

ரோமாபுரி மக்கள் அரசனை விரட்டிவிட்டு, ஆண்டுக்கு இரண்டு தலைவர்களைத் தேர்ந்தெடுத்த கதையைப் பாடத்தில் படிக்கிறோம். நம் முன்னோர் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலாம் பராந்தக சோழன், ஆதித்தனின் மகன். கி.பி. 907இல் அரியணை ஏறினான். பாண்டியனை வென்று, 'மதுரை கொண்டவன்' என்று பட்டம் சூடிக்கொண்டான். அவன் காலத்தில், 919இலும் 921இலும், உத்திரமேரூர்ச் சபையார் தங்கள் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு சின்னப் பையன் ஓர் ஓலையை எடுப்பான். சிபாரிசு எதுவும் செல்லாது!

நிற்பவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் வீடும் வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவர் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. பார்த்தீர்களா கண்டிப்பை!

குறையையும் மறைக்கக் கூடாது. அது வேதம் கற்ற அந்தண நிலக்காரர்களின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ரோமிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு இல்லை. அந்தக் கதவுகள் திறக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பராந்தகனின் முதுமை துயரமானது. 949இல் தக்கோலப் போரில் இராட்டிரகூடர்களிடம் சோழர் படை தோற்றது. மூத்த மகன் இராசாதித்தன் யானை மேலேயே மாண்டான். உத்திரமேரூர் இருந்த தொண்டை நாடும் கைவிட்டுப் போனது. கி.பி. 955 வாக்கில் அரசனும் மறைந்தான்.

வாளால் வென்ற நாடு அவன் கண்முன்னே போயிற்று. ஊரார் கல்லில் எழுதிய ஒழுங்கோ இன்றும் நிற்கிறது.

தம்பி, தங்கைகளே! நாளை வகுப்புத் தலைவராகவோ சங்கப் பொருளாளராகவோ வருவீர்கள். பதவி கிடைத்ததும் மாலையைத் தேடாதீர்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். பரிசு தானே வரும்!