வேர் முடிச்சுக்குள்ளே ஒரு புது உயிர்

பாலிடெக்னிக்தானே என்று இழுக்கிற சொந்தக்காரர்கள் நம்ம எல்லோருக்கும் உண்டு. அவர்களிடம் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. ஹாலந்து நாட்டு மார்ட்டினஸ் பெய்யரிங்க்.

1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். அப்பாவுக்குப் புகையிலை வியாபாரம். அது நொடித்துப்போய் ரயில்வேயில் குமாஸ்தா ஆனார். பன்னிரண்டு வயது வரை அந்த அப்பாதான் பையனுக்கு வாத்தியார். பிறகு உறவினர் ஒருவர் பணம் கொடுத்து உதவ, டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கில் வேதியியல் தொழில்நுட்பம் படித்தார். கூடப் படித்தவர் வான்ட் ஹாஃப். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான்! ஆனால் டாக்டர் பட்டம் தரும் உரிமை அன்று அந்தப் பாலிடெக்னிக்குக்குக் கிடையாது. அதற்காக லைடன் பல்கலைக்கழகம் போய் 1877-ல் பட்டம் வாங்கினார். 1885-ல் டெல்ஃப்டில் ஈஸ்ட், சாராயம் தயாரிக்கும் ஆலையில் வேலை.

அங்கே இருந்துகொண்டேதான் அந்தப் பெரிய காரியத்தைச் செய்தார்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கடலை பிடுங்கும்போது வேரில் சின்னச்சின்ன உருண்டைகள் ஒட்டியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதுக்குள்ளே ஒரு உயிர் குடியிருக்குதுன்னு யாரும் சொன்னதில்லை. அவரை, பட்டாணி இனச் செடிகள் பெரும்பாலானவற்றில் இந்த முடிச்சு உண்டு. இவை காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குக் கிடைக்கச் செய்கின்றன என்று ஜெர்மனியில் ஹெல்ரீகல் 1886-ல் காட்டிவிட்டார். ஆனால் உள்ளே இருப்பது எது? மைக்ராஸ்கோப்பில் தெரிந்தவை கவட்டை மாதிரி கிளைவிட்டு, வழக்கமான பாக்டீரியா போலவே இல்லை. செடியே சேர்த்து வைத்த புரதத் துகள் என்றுகூடச் சிலர் நம்பினார்கள்.

பார்த்தால் மட்டும் போதாது, தனியே பிரித்து வளர்க்க வேண்டும். மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும்போது எது உள்ளே இருந்தது, எது வெளியே ஒட்டியது? பெய்யரிங்க் முடிச்சின் வெளிப்புறத்தை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே இருந்ததை எடுத்தார். அதற்குச் சாப்பாடு? இங்கேதான் மூளை! அதே இனச் செடியின் இலையைக் காய்ச்சிய சாற்றில் ஜெலட்டினும், கொஞ்சம் சர்க்கரையும், அஸ்பாரஜின் என்ற நைட்ரஜன் சத்தும் சேர்த்தார். வளர்ந்துவிட்டது. கிளைவிட்ட உருவங்கள், செடிக்குள் போய் உருமாறிய அதே பாக்டீரியாதான் என்றும் கண்டார். 1888-ல் வேரில் குடியிருப்பது என்ற பொருளில் பேசில்லஸ் ரேடிசிகோலா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. மறுவருடமே ஃபிராங்க் என்பவர் ரைசோபியம் என்றார். வேளாண் டிப்போவில் வாங்கி, கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்கிறோமே, அந்தப் பாக்கெட்டில் இருப்பது இந்த ரைசோபியம்தான்.

1895-ல் தான் படித்த பாலிடெக்னிக்குக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1898-ல் புகையிலைத் தேமல் நோய்க்குக் காரணம் பாக்டீரியாவைவிட நுண்ணியது என்று காட்டி, வைரஸ் ஆராய்ச்சிக்கும் வழி திறந்தார். மாணவர்களிடம் மட்டும் ரொம்பக் கடுமை. பலர் பயந்து நடுங்கினார்களாம். (நம்ம லேபில் அவர் இருந்தால் நம்ம கதி?) கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

1921-ல் ஓய்வு பெற்று, சகோதரிகளோடு கோர்செல் என்ற கிராமத்துக்குப் போனார். 1931 ஜனவரி 1-ல் காலமானார்.