கேரளம் கொண்டாடிய தமிழ்மகள்

தேயிலை மலைகளிலும் பாலக்காட்டுக் கணவாய் ஓரத்திலும் குடியேறி வாழும் நம்மவர், தமிழகத்தினின்று இந்நாட்டுக்கு வந்து புகழெய்தியோர் யாவர் என எண்ணத் தொடங்கினால், முதல் வரிசையிலேயே நினைவுக்கு வருபவர் நடிகை ஸ்ரீவித்யா. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மாலை வேளையில் மலையாளத் தொலைக்காட்சித் தொடரை விடாமல் பார்த்த தாய்மார் பலர், அவரை மலையாளத்து மங்கை என்றே கருதியிருப்பர். கல்பாத்தி அக்கிரகாரத்துச் சங்கீத ரசிகர்களுக்கோ அவர் என்றும் எம்.எல்.வி.யின் மகள்தான்.

1953 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24 ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அன்னை, கர்நாடக இசையுலகின் மும்மணிகளுள் ஒருவராகிய எம்.எல். வசந்தகுமாரி. தந்தை, நகைச்சுவை நடிகர் விகடம் கிருஷ்ணமூர்த்தி. குழந்தை பிறந்து நெடுநாள் ஆகுமுன்னரே தந்தையார் முகத்தசை நோயுற்று நடிப்பைக் கைவிட நேர்ந்தது. குடும்பப் பாரம் முழுவதும் அன்னையின் தோளில் விழுந்தது. கச்சேரி கச்சேரியாக ஊர் சுற்றிய அந்த அம்மையாருக்குப் பெற்ற மகளை மடியில் வைத்துக் கொஞ்சவும் பொழுதில்லை. புகழும் இசையும் நிறைந்த வீட்டிலே பணமுடையும் குடியிருந்தது என்பதை வெளியார் அறியார்.

மகள் இசையோடு நாட்டியமும் பயின்றார். 1967 இல் ‘திருவருட்செல்வர்’ படத்தில் சிறுமியாகத் திரையில் தோன்றினார். 1969 இல் ‘சட்டம்பிக்கவல’ என்னும் மலையாளப் படத்தில், தம்மினும் மிக மூத்தவரான சத்யனுக்கு இணையாக நடித்தார். 1975 இல் பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது. வயது இருபத்திரண்டே ஆன பெண், பருவமடைந்த மகளுக்குத் தாயாகிய பாடகி பைரவியாக நடித்தார்! அவ்வேடத்தின் சிறப்பே பின்னர் அவருக்குத் தளையுமாயிற்று என்பது நம் எண்ணம். அப்படத்தில் அவர்மீது காதல் கொள்ளும் இளைஞராக நடித்த கமலஹாசனுக்கு 1989 இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் தாயானார். கணவராக வந்த ரஜினிகாந்துக்கு 1991 இல் ‘தளபதி’யில் தாயானார். ரஜினியோ அவரினும் இரண்டு வயதுக்கு மேல் மூத்தவர். நாயகனுக்கு முதுமை வருவதில்லை, நாயகிக்கு மட்டும் விரைந்து வந்துவிடுகிறது.

மலையாளத் திரையுலகம் அவரைச் சற்று வேறாக நோக்கியது. 1979, 1983, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளில் கேரள அரசின் சிறந்த நடிகை விருது அவரைச் சேர்ந்தது. 1983 ஆம் ஆண்டு விருது, ‘ரசனா’ என்னும் படத்துக்கு. எழுத்தாளனாகிய கணவன், தன் கதைக்குக் கரு தேடும் பொருட்டு, அலுவலகத்தில் உடன் பணிபுரியும் வெகுளி ஒருவனிடம் காதல் கொண்டவள்போல் நடிக்கும்படி மனைவியைத் தூண்டுகிறான். விளையாட்டு அவ்வெகுளியின் உயிரைக் கொள்ளை கொள்கிறது. பிழையின் சுமை அவள் நெஞ்சில் ஏறுவதை அவர் கண்களாலேயே காட்டிய விதம், பார்த்தோர் உள்ளத்தை விட்டு அகலாது. 1992 இல் ‘தெய்வத்தின்டெ விக்ருதிகள்’ படத்தில், பிரெஞ்சுக்காரர் வெளியேறிய பின்னும் மாஹியைவிட்டு அகலாத ஒரு வித்தைக்காரனின் மனைவியாக நடித்தார். வித்தைக்காரனாக நடித்தவர் நமது பாலக்காட்டுச் சீமையில் கொல்லங்கோட்டில் பிறந்த ரகுவரன் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை.

அவருடைய காதற் செய்திகளைச் சினிமாப் பத்திரிகைகள் வேண்டுமட்டும் எழுதிவிட்டன. நாமும் எழுத வேண்டியதில்லை. ஆனால் திருமணத்தைச் சொல்லாது விடுதல் தகாது. எழுபதுகளின் பிற்பகுதியில், வீட்டார் விருப்பத்துக்கு மாறாக, மதம் மாறி மணந்தார். நடிப்பை விட்டு இல்லத்தரசியாய் இருக்கவே விரும்பினார். பொருள் நெருக்கடி அதற்கு இடம் தரவில்லை. மீண்டும் ஒப்பனை அறைக்குச் சென்றார். சில ஆண்டுகளில் மணவாழ்வு முறிந்தது. அதன் பின்னும் தொல்லை தீர்ந்தபாடில்லை. தாம் உழைத்து ஈட்டிய சொத்துக்காகவே நீதிமன்றப் படிகளில் ஏறினார். வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று, அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. 1990 இல் அன்னையும் மறைந்தார். சென்னையை விட்டுத் திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக் கொண்டார். பிழைக்க வந்த ஊரையே சொந்த ஊராக்கிக் கொண்ட நமக்கு அம்முடிவின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் சின்னத்திரை அவருக்குப் புது வாழ்வு அளித்தது. திரையரங்கு செல்ல வாய்ப்பில்லாத எஸ்டேட் லயங்களுக்கும் அவர் அன்றாடம் வந்து போகும் உறவினர்போல் ஆனார். ‘அவிசாரிதம்’ தொடருக்காக 2004 ஆம் ஆண்டுக்குரிய மாநிலத் தொலைக்காட்சி விருதும் பெற்றார். அவ்விருதைப் பெறுமுன்னரே, 2003 இல், உடலில் புற்றுநோய் கண்டிருந்தது. மூன்றாண்டுகள் சிகிச்சைக்கும் படப்பிடிப்புக்கும் இடையே நாட்களைப் பங்கிட்டார். இறுதி நாட்களில் நோயால் மெலிந்த தம் உருவத்தைப் பிறர் காண விரும்பாமல், மிகச் சிலரைத் தவிர எவரையும் சந்திக்கவில்லை.

2006 ஆகஸ்டில் உயில் எழுதினார். இசையும் நடனமும் பயிலும் ஏழை மாணவர்க்கு உதவ ஓர் அறக்கட்டளை அமைய வேண்டும் என்பது அதில் அவர் வைத்த விருப்பம். அக்டோபர் 19 ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார். கேரள அரசு முழு மரியாதை செலுத்த, தமிழ் அந்தணர் நெடுங்காலமாய்க் குடியிருக்கும் திருவனந்தபுரத்துக் கரமனையில், அச்சமூகத்தாரின் மயானத்திலேயே அவர் உடல் தகனம் செய்யப்பெற்றது.