வத்தலக்குண்டு தந்த இளைஞர் ராஜமய்யர்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள் நம் பெரியவர்கள். அந்த ஊர் வாயையே கதையாக எழுதி, தமிழ் இலக்கியத்தில் நீங்காத இடம் பிடித்த ஒருவர் நமக்குப் பக்கத்து ஊரிலேயே பிறந்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா தோழர்களே? அவர்தான் பி.ஆர். ராஜமய்யர்.

தேனியிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ்ஸில் நாம் எத்தனையோ தடவை வத்தலக்குண்டைத் தாண்டியிருப்போம். அந்த ஊரில்தான் 1872-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அப்போது வத்தலக்குண்டும் நம் கம்பம் பள்ளத்தாக்கும் ஒரே மதுரை மாவட்டம். பின்னாளில் 'வாடிவாசல்' எழுதிய சி.சு. செல்லப்பாவும் அதே வத்தலக்குண்டில் வளர்ந்தவர்தான். அவர் பெயரின் முன்னால் நிற்கிற 'சி' நம்ம சின்னமனூர்! ஆகவே இவர்கள் எல்லாம் நம்மவர்கள் என்று நாம் தாராளமாகச் சொந்தம் கொண்டாடலாம்.

ராஜமய்யர் சென்னைக்குப் போய் கிறித்துவக் கல்லூரியில் படித்து 1889-ல் பி.ஏ. முடித்தார். அப்போது அவருக்கு வயது பதினேழுதான்! அடுத்து வக்கீலாக வேண்டும் என்று சட்டம் படித்தார். ஆனால் தேர்வில் வெற்றி கிடைக்கவில்லை. அரியர் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. அந்தக் காலத்தில் பி.ஏ. படித்த ஒருவர் சட்டத்தில் தோற்றால் ஊரும் உறவும் என்னென்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் முடங்கிப் போகவில்லை. கம்பனையும் தாயுமானவரையும், ஷெல்லி, கீட்ஸ் முதலான ஆங்கிலக் கவிஞர்களையும் படித்தார். அந்தப் படிப்பு வீண் போகவில்லை.

1893-ல் 'விவேக சிந்தாமணி' என்ற பத்திரிகையில் அவர் ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். வயது இருபத்தொன்று! 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது அதன் பெயர். 1895 வரை அது வந்தது. நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தருகிற முல்லைப் பெரியாறு அணை மலைமேல் எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்கள் அவை. 1879-ல் வந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்குப் பிறகு வந்த முக்கியமான நாவல் ராஜமய்யருடையதுதான். 1896-ல் அது புத்தகமாகவும் வெளிவந்தது.

கதை என்ன? சிறுகுளம் என்ற கிராமத்தில் முத்துஸ்வாமி அய்யரும் கமலாம்பாளும் வசதியாக வாழ்கிறார்கள். சண்டையும் கேலியும் பிரியமுமாக ஒரு நல்ல தம்பதி. காதல் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் வருவது என்று சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு, கல்யாணமாகிப் பல வருஷம் ஆன இருவருக்குள் இருக்கிற காதலை இவர் காட்டுகிறார். பிறகு துன்பங்கள் வரிசையாக வருகின்றன. பிள்ளை காணாமல் போகிறான். சொத்து போகிறது. கடைசியில் கமலாம்பாளின் ஒழுக்கத்தின் மேலேயே ஒரு பொய்ப்பழி கிளம்புகிறது. அதுதான் தலைப்பில் உள்ள அபவாதம். கணவர் மனசு உடைந்து வீட்டை விட்டே போய்விடுகிறார். ஒரு துறவியைக் குருவாக அடைந்து மனம் தெளிகிறார். முடிவில் பிரிந்தவர்கள் ஒன்று சேர்கிறார்கள்.

இந்தக் கதையில் வம்பு பேசுகிற பெண்களின் கூட்டம் ஒன்று வருகிறது. அதற்கு ராஜமய்யர் வைத்த பெயர் 'வம்பர் மகாசபை'. படிக்கும்போது வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பு போகப் போக அடங்கிவிடும். ஒரு குடும்பத்தைக் குலைக்கக் கத்தி வேண்டாம், கம்பு வேண்டாம், நாலு பேர் பேச்சே போதும் என்பது அப்போது புரியும்.

மேல்நாட்டில் ஒரு வகை நாவல் உண்டு. வருங்காலத்தில் ஒரு கொடிய ஆட்சி வரும், அது மனிதரை இரவு பகலாகக் கண்காணிக்கும், யார் யாரை நேசிக்கலாம் என்பதில்கூடத் தலையிடும் என்று எழுதுவார்கள். அப்படிப்பட்ட '1984' என்ற நாவலை 1949-ல் வெளியிட்ட ஜார்ஜ் ஆர்வெல்கூட நம் நாட்டில், பீகாரின் மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவர்தான். அதில் ஒரு காதல் ஜோடியை அரசாங்கமே பிரித்து, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வைக்கிறது. ஆனால் நம் ராஜமய்யருக்கு வருங்காலமும் தேவைப்படவில்லை, சர்வாதிகாரியும் தேவைப்படவில்லை. ஒரு சின்னக் கிராமமும் அதன் வாயுமே போதுமாக இருந்தது!

இதை நான் ஏதோ பாடம் படித்தது போல எழுதவில்லை. எங்க அம்மா விடியக்காலம் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் படித்திருக்க வேண்டியவள் எங்க பெரியம்மா மகள். என்னைவிட நல்லாப் படிப்பாள். பஸ் ஸ்டாப்பில் கூடப் படிக்கிற பையனிடம் நோட்டு வாங்கியதை யாரோ பார்த்து, யாரோ யாரிடமோ சொல்லி, மூணாம் நாள் அது வேறு கதையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெரியப்பாவுக்கு மகள் மேல் உசுரு. ஆனாலும் ஊர் பேசுதே என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டார். இன்றைக்கு அக்கா திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். கமலாம்பாளின் கதையைப் படித்தபோது எனக்கு அக்கா முகம்தான் கண்ணில் வந்தது.

சோதனை என்றால் பணத்தாசை, பெண்ணாசை என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். நமக்கு வேண்டியவரைப் பற்றி ஊர் சொல்வதை நம்பிவிடலாமே என்று மனசு இழுக்கிறதே, அதைவிடப் பெரிய சோதனை உண்டா? நம்பிக்கை என்பதும் கோயிலில் கும்பிடுவதோடு முடிவதில்லை. கூட இருக்கிறவர் மேல் வைப்பதும் நம்பிக்கைதான். இவ்விரண்டையும் ஒரே கதையில் சேர்த்ததுதான் ராஜமய்யரின் பெருமை என்பது என் கருத்து.

ஆனால் அவரிடம் எனக்குச் சில கேள்விகளும் உண்டு. வம்பு பேசுகிறவர்கள் பெண்கள்தானா? நம் ஊர் டீக்கடை பெஞ்சில் நடப்பது என்ன, பஞ்சாங்கம் வாசிப்பதா? மேலும், கணவருக்கு மனம் வெறுத்தால் குருவைத் தேடிப் போக வழி இருக்கிறது. தப்பே செய்யாத கமலாம்பாளுக்கு என்ன வழி இருந்தது? கதையில் அவர்கள் மகள் லட்சுமிக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் நடக்கிறது. அந்தக் காலத்தில் அது சாதாரணம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929-ல்தான் வந்தது. எழுதியவரும் அந்தக் காலத்து மனிதர்தானே என்று நாம் சமாதானம் செய்துகொள்ளலாம். கேள்வியை மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை.

நாவல் முடிந்த பிறகு ராஜமய்யரும் தன் கதாநாயகனைப் போல ஆன்மிக வழியில் திரும்பினார். 1896 ஜூலையில் சுவாமி விவேகானந்தரின் ஊக்கத்தால் சென்னையில் 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில மாதப் பத்திரிகை தொடங்கியபோது, இருபத்து நாலு வயது ராஜமய்யர்தான் அதற்கு ஆசிரியர். பல புனைபெயர்களில் தானே எழுதிப் பக்கங்களை நிரப்பினார். 'வாசுதேவ சாஸ்திரி' என்ற ஆங்கில நாவலையும் அதில் எழுதிவந்தார். அது முடியவில்லை. 1898 மே 13-ஆம் தேதி, இருபத்தாறு வயதில் அவர் இறந்துபோனார். ஆசிரியர் இல்லாமல் நின்றுபோன பத்திரிகை சில மாதங்களில் இமயமலைப் பக்கம் அல்மோராவிலிருந்து மறுபடி வர ஆரம்பித்தது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

இருபத்தாறு வருஷம்! நம்மைவிட ஏழெட்டு வயசுதான் கூட. அதற்குள் ஒரு நாவல், ஒரு பத்திரிகை, ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கிற பெயர். சட்டத் தேர்வில் தோற்றவர் என்று இன்று யாராவது அவரை நினைக்கிறார்களா?

நண்பர்களே, தோழிகளே! வம்பர் மகாசபை இப்போது ஆற்றங்கரையில் கூடுவதில்லை. நம் கையில் இருக்கிற செல்போனிலேயே கூடுகிறது. கேன்டீனில் சிரித்துப் பேசிய இருவரின் போட்டோ சாயங்காலத்துக்குள் எத்தனை குரூப்புக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். அதை அனுப்புகிற விரலுக்கு அது விளையாட்டு. மலையிலிருந்து இறங்கி வருகிற ஒரு அம்மாவுக்கு அது மகளின் படிப்பு. அடுத்த தடவை அப்படி ஒன்று நம் கைக்கு வந்தால், அதை நம்மோடு நிறுத்துவோம். வத்தலக்குண்டு இளைஞருக்கு நாம் செலுத்துகிற மரியாதை அதுவாக இருக்கட்டும்!

— இரண்டாமாண்டு, மின்னணுவியல் துறை மாணவி