குளிர்பானக் கடை வருவாயில் உருவான நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி: டாக்டர் ரஃபியுதீன் அகமதுவின் வாழ்வும் பணியும்

கொல்கத்தா, டிச. 24: இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ரஃபியுதீன் அகமதுவின் பிறந்த நாள் இன்று. நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய அவர், அதை வளர்த்தெடுத்தபின் அரசுக்கே நன்கொடையாக வழங்கினார்.

அன்றைய கிழக்கு வங்கத்தில் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி பிறந்த அகமது, அலிகரில் பட்டப்படிப்பை முடித்தபின் 1909இல் அமெரிக்கா சென்றார். அங்கு அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று 1915இல் பட்டம் பெற்றார்.

அதன்பின் பாஸ்டன் நகரில் உள்ள ஃபோர்சைத் சிறார் பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றினார். ஏழைக் குழந்தைகளுக்காகவே 1914இல் திறக்கப்பட்ட மருத்துவமனை அது. ஃபோர்சைத் குடும்பத்தினர் தம் செல்வத்தைக் கொண்டு அதனை நிறுவினர். பல் மருத்துவரை நாட இயலாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கு பெயரளவிலான கட்டணத்தில் சிகிச்சை கிடைத்தது.

அகமது 1919இல் தாயகம் திரும்பியபோது இந்தியாவின் நிலை முற்றிலும் வேறாக இருந்தது. பல் மருத்துவம் கற்பிக்க நாட்டில் ஒரு கல்லூரிகூட இல்லை. அத்தொழிலை நெறிப்படுத்தும் சட்டமும் இல்லாததால், முறையான பயிற்சி பெறாதோரும் சந்தைகளிலும் தெருவோரங்களிலும் பல் பிடுங்கி வந்தனர். ஏழைக் குழந்தைகளுக்கு மருத்துவமனை அமைப்பதாயினும், அதில் பணியாற்றப் பயிற்சி பெற்றவர்களை முதலில் உருவாக்க வேண்டியிருந்தது.

அந்த நோக்கத்துடன் 1920இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான செலவை ஈடுகட்ட நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற குளிர்பானக் கடையை அவர் நடத்தினார். பல்லுக்குப் பகையெனக் கருதப்படும் இனிப்புப் பானங்களின் விற்பனையே பல் மருத்துவக் கல்விக்குத் துணை நின்றது. தொடக்க ஆண்டுகளில் மிகச் சிலரே மாணவர்களாகச் சேர்ந்தபோதும் அவர் கல்லூரியைக் கைவிடவில்லை.

இந்தியப் பல் மருத்துவ இதழை 1925இல் தொடங்கிய அவர், 1928இல் மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றையும் வெளியிட்டார். வங்காளத்தில் 1939இல் பல் மருத்துவர் சட்டம் உருவாகப் பெரிதும் உழைத்தார். நாடு முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் விடுதலைக்குப்பின் 1948இல் நிறைவேறியது. தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்களே சிகிச்சை அளிக்கலாம் என்ற நெறி அதன்மூலம் நிலைபெற்றது.

மூன்று பத்தாண்டுகளாகத் தாம் பேணி வளர்த்த கல்லூரியை அகமது 1949இல் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். தனியொருவர் முயற்சியில் எழுந்த நிறுவனம் இவ்வாறு பொதுச் சொத்தானது. தற்போது அவர் பெயரையே தாங்கி நிற்கும் அக்கல்லூரியும் மருத்துவமனையும் அரசு நிறுவனமாகவே இயங்கி வருகின்றன.

பின்னர் 1950 முதல் 1962 வரை மேற்கு வங்க அமைச்சரவையில் வேளாண்மை உள்ளிட்ட துறைகளை அவர் கவனித்தார. மத்திய அரசு 1964இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

ஒரே ஒரு கல்லூரியுடன் தொடங்கிய இந்தியப் பல் மருத்துவக் கல்வி, இன்று 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளாக விரிந்துள்ளது. ஆயினும் பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே பணியாற்றுவதால், கிராமப்புறக் குழந்தைகளுக்குச் சிகிச்சை எளிதில் எட்டுவதில்லை. சொத்தைப் பல்லைக் கவனியாது விட்டால் குழந்தை உண்ண இயலாமல், உறக்கமின்றித் தவிக்கும். பள்ளிப் படிப்பும் தடைப்படும். பால் பற்கள் உரிய காலத்துக்கு முன்பே விழுந்தால், நிலைத்த பற்களின் வரிசையும் பாதிக்கப்படும்.

இக்குறையைக் களையும் முயற்சியாக, 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் நடைபெறும் உடற்பரிசோதனையில் பல் நோய்களும் சேர்க்கப்பட்டுள்ளன. கண்டறியப்படும் குழந்தைகள் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கு அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப் போதிய பல் மருத்துவர்கள் இருந்தால்தான் திட்டத்தின் பயன் முழுமையாகும். பயிற்சி பெற்றவர்களை உருவாக்க அகமது 1920இல் தொடங்கிய பணி, அவர்களைக் கிராமங்கள் வரை கொண்டு சேர்க்கும் கட்டத்தில் இன்று நிற்கிறது.