பயாஸ் என்ற பெயரைத் தந்த கேரி கில்டால்

சுங்கைப்பட்டாணியில் ஒரு மாணவர். பள்ளி விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய கணினி ஒன்றை வாங்கியிருக்கிறார். அது சரியாக ஓடவில்லை. நண்பர் சொன்னபடி பயாஸை ரீசெட் செய்கிறார். மீண்டும் சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டினால், அந்தக் குடும்பத்துக்குச் சில நூறு ரிங்கிட் செலவு.

அது உண்மையிலேயே போய்விட்டதா? இதற்கு விடை காண, பயாஸ் என்பதை முதலில் உருவாக்கி அதற்கு அந்தப் பெயரையும் வைத்த மனிதரின் கதை உதவும். அவர் பெயர் கேரி கில்டால்.

கடற்பயணப் பள்ளியிலிருந்து கணினிக்கு

கில்டால் 1942 மே 19ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் மாலுமிகளுக்குக் கடற்பயணக் கல்வி கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தது. பள்ளி நாள்களில் அவர் மதிப்பெண்களால் பெயர் வாங்கியவர் அல்லர். பொருள்களைக் கழற்றிப் பழுது பார்ப்பதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரைக் கணினி ஈர்த்துக்கொண்டது. 1972இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

கட்டாய இராணுவச் சேவை நடப்பில் இருந்த காலம் அது. கில்டால் அந்தக் கடமையைக் கலிபோர்னியாவின் மோன்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றி நிறைவேற்றினார். பிறகும் அங்கேயே கற்பித்தார். அப்போதுதான் இண்டெல் நிறுவனத்தின் 4004 என்ற சிறிய சில்லு விற்பனைக்கு வந்திருந்தது. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் கணினியின் வேலையை, விரல் நுனியளவு சில்லு ஒருநாள் செய்யும் என்று கில்டால் நம்பினார். ஒரு சில்லை வாங்கி ஆராயத் தொடங்கினார். விரைவில் இண்டெல் நிறுவனத்துக்கே ஆலோசகராகவும் ஆனார்.

அதே 1972ஆம் ஆண்டில்தான் இண்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் தொடங்கியது. பின்னர் கெடாவில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் அது வந்தது. நம்மில் சிலருடைய அம்மாவோ அத்தையோ தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போய் வேலை செய்த இடங்கள் இவை. கில்டால் கையில் வைத்துப் பார்த்த சில்லின் வழித்தோன்றல்கள் நம் ஊர் வழியாகவும் உலகுக்குப் போயிருக்கின்றன.

ஒரு கோடு பிறந்த கதை

இண்டெல் சில்லுகளுக்காகக் கில்டால் பி.எல்./எம். என்ற நிரல் மொழியை உருவாக்கினார். 1974இல் நெகிழ்வட்டுடன் இயங்கும் சி.பி./எம். என்ற இயங்குதளத்தை எழுதி முடித்தார். இண்டெல் அதில் பெரிய அக்கறை காட்டவில்லை. கில்டாலும் அவர் மனைவி டோரத்தியும் பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில் டிஜிட்டல் ரிசர்ச் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

விரைவில் ஒரு சிக்கல் வந்தது. அன்றைய கணினிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வட்டு இயக்கி வேறு, திரை வேறு, விசைப்பலகை வேறு. புதிய கணினி வரும்போதெல்லாம் சி.பி./எம். நிரலைத் திருத்த வேண்டியிருந்தது.

கில்டால் நிரலின் நடுவே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே, குறிப்பிட்ட கணினியின் வன்பொருளோடு பேசும் சிறிய பகுதி. கோட்டுக்கு மேலே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான பெரிய பகுதி. கீழ்ப்பகுதிக்கு அவர் வைத்த பெயர் பேசிக் இன்புட் அவுட்புட் சிஸ்டம், சுருக்கமாக பயாஸ். இதன் பிறகு, புதிய கணினி செய்கிறவர் அந்தச் சிறிய பகுதியை மட்டும் எழுதினால் போதும். நூற்றுக்கணக்கான கணினி வகைகளில் சி.பி./எம். ஓடியது. ஒருவர் எழுதிய மென்பொருளை வேறு கணினி வைத்திருப்பவரும் பயன்படுத்த முடிந்தது. வேர்ட்ஸ்டார் போன்ற மென்பொருள்கள் பரவியது அப்படித்தான்.

கைநழுவிய வாய்ப்பு

1980இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் புதிய கணினிக்கு இயங்குதளம் தேடிக் கில்டாலின் நிறுவனத்துக்கு ஆள் அனுப்பியது. அன்று காலை கில்டால் தம் சொந்த விமானத்தில் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். ஐ.பி.எம். நீட்டிய இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட டோரத்தி தயங்கினார். கடைசியில் உடன்பாடு ஏற்படவில்லை.

அந்த இடத்துக்கு மைக்ரோசாப்ட் வந்தது. சி.பி./எம். போலவே அமைக்கப்பட்ட ஓர் இயங்குதளத்தைச் சியாட்டல் நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தது. கில்டால் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அவருடைய இயங்குதளத்தையும் விற்க ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது. ஆனால் அதன் விலை 240 டாலர். மைக்ரோசாப்ட் வழி வந்ததற்கு 40 டாலர். மக்கள் எதை வாங்கினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கில்டால் விமானம் ஓட்டி விளையாடப் போனதால் வாய்ப்பை இழந்தார் என்று பின்னர் ஒரு கதை பரவியது. வேலையாகப் போனவரைப் பற்றிய அந்தக் கதை அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. ஆனாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. கணினி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை இணைந்து நடத்தினார். கலைக்களஞ்சியம் ஒன்றை ஒரே குறுவட்டில் கொண்டுவரும் பணியிலும் ஈடுபட்டார். 1991இல் அவருடைய நிறுவனம் நோவெல் வசம் போனது. 1994 ஜூலையில் தலையில் ஏற்பட்ட காயத்தால் மோன்டெரேயில் காலமானார். வயது 52தான். 2014இல் பசிபிக் குரோவில் அவருடைய பணியைப் போற்றும் நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

இருண்ட திரைக்கு வருவோம்

ஐ.பி.எம். தனது பி.சி.யின் பயாஸை வட்டில் வைக்காமல் தாய்ப்பலகையின் சில்லிலேயே பதித்தது. 1984இல் வந்த அடுத்த வகைக் கணினியில், பயனர் செய்யும் அமைப்புகளைச் சிறிய பேட்டரியின் உதவியோடு தனி நினைவகத்தில் வைத்தது. இன்று அதன் புதிய வடிவத்துக்கு வேறு பெயர் உண்டு. ஆனாலும் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். ரீசெட் செய்யும்போது அழிவது அந்த அமைப்புகள் மட்டுமே. பயாஸ் நிரல் சில்லில் அப்படியே இருக்கிறது. ஆகவே ரீசெட் செய்ததாலேயே பலகை செத்துவிடாது.

இப்போது கில்டாலின் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பயாஸின் திரை தோன்றிய பிறகு கணினி நின்றால், கோட்டுக்குக் கீழே பெரும்பாலும் எல்லாம் நலம். எந்த வட்டிலிருந்து தொடங்குவது, எந்த முறையில் தொடங்குவது என்ற அமைப்புகள் ரீசெட்டில் மாறியிருக்கலாம். அவற்றைப் பழையபடி வைக்க வேண்டும்.

பயாஸின் திரையே வரவில்லை என்றால், கோட்டுக்குக் கீழே தேடுங்கள். முதலில் சில நிமிடங்கள் பொறுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு ரேமைச் சோதித்து அமைத்துக்கொள்ளச் சில பலகைகளுக்கு நேரம் பிடிக்கும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ரீசெட் செய்யப் பயன்படுத்திய ஜம்பர் பழைய இடத்துக்குத் திரும்பியதா என்று பாருங்கள். ரேமைக் கழற்றி, ஒன்றை மட்டும் அழுத்திப் பொருத்துங்கள். செயலிக்குப் போகும் மின் இணைப்பு நன்றாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். திரையின் வயரை வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். 2032 எண்ணுள்ள நாணய வடிவ பேட்டரி பழையதாக இருந்தால் மாற்றுங்கள்; அது சில ரிங்கிட்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். எது குணமாக்கியது என்பது அப்போதுதான் தெரியும்.

கில்டாலுக்குச் சந்தை கைகொடுக்கவில்லை. அவர் வைத்த பெயர் மட்டும் இன்றும் நம் மேசைமீது இருக்கிறது. மாணவர்களே, அடுத்த முறை திரை இருண்டால் பலகையைத் தூக்கிப் போடும் முன், பழுது கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று கேட்டுப் பாருங்கள்.