நோபல் வேண்டாம் என்று சொன்ன மருந்து: டைனமைட்டில் இருந்து நெஞ்சுவலி மாத்திரை வரை

உங்கள் அப்பாவின் சட்டைப் பையில் சார்பிட்ரேட் மாத்திரை இருக்கிறதா? நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார்களே, அதுதான். அது நைட்ரேட் வகை மருந்து. அந்தக் குடும்பத்தில் பெயர்பெற்றது நைட்ரோகிளிசரின். ஆமாம், டைனமைட்டில் இருக்கும் அதே பொருள்!

1833ல் ஸ்டாக்ஹோமில் பிறந்த ஆல்ஃபிரட் நோபல், இந்தத் திரவத்தை அடக்கப் பல ஆண்டுகள் போராடினார். லேசாக அதிர்ந்தாலே வெடித்துவிடும் சாமான் அது. 1864ல் நடந்த விபத்தில் அவருடைய தம்பி எமில் உள்பட சிலர் இறந்தார்கள். நோபல் விடவில்லை. திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறவைத்து, 1867ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

வெடிமருந்து ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு மண்டை பிளக்கும் தலைவலி. போகப்போக உடம்பு பழகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் வலி. ரத்தக் குழாய்கள் விரிவதுதான் காரணம். 1879ல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல், இதையே மிகச் சிறிய அளவில் கொடுத்தால் நெஞ்சுவலி குறைகிறது என்று எழுதினார்.

கடைசிக் காலத்தில் நோபலுக்கே நெஞ்சுவலி. டாக்டர்கள் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின்! மக்கள் பயப்படக் கூடாதென்று அதற்கு டிரைநைட்ரின் என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைவலி தரும் பொருள் எப்படி நெஞ்சுவலியைத் தீர்க்கும் என்று நோபல் மறுத்துவிட்டார். விதி தன்னைக் கேலி செய்வதாக உதவியாளருக்குக் கடிதம் எழுதினார். 1896 டிசம்பர் 10ல், இத்தாலியின் சான் ரெமோவில், மூளை ரத்தக்கசிவால் காலமானார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அது எப்படி வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. உடம்புக்குள் நைட்ரேட்டில் இருந்து நைட்ரிக் ஆக்சைடு வருகிறது. அது ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் அதன் சுமையும் குறைகிறது. நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998ல் கிடைத்த பரிசு எது தெரியுமா? நோபல் பரிசேதான்.

அந்தத் திங்கட்கிழமைப் பாடம் இன்றும் பயன்படுகிறது. உடம்பு பழகினால் மருந்து வேலை செய்யாது என்பதால், தினமும் நைட்ரேட் எடுப்பவர்களுக்கு டாக்டர்கள் சில மணி நேரம் இடைவெளி விடுகிறார்கள்.

அப்பாவுக்குத் தேவைப்பட்டால் முதலில் உட்கார வையுங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். வயாக்ரா வகை மாத்திரை எடுத்தவருக்கு இது ஆபத்து. டாக்டர் எழுதாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லையா? உடனே 108க்கு அடியுங்கள்.