நூறு பவுண்டு சம்பளக்காரர்

எங்கே இருக்கே, எவ்வளவு தர்றாங்க? நம்ம சந்திப்புகளில் கை குலுக்கிய அடுத்த நிமிஷம் வரும் கேள்வி இது. போன தடவை இதற்குப் பயந்தே பந்தியில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தவன் நான். டிரான்ஸ்பார்மர் ரீவைண்டிங் செய்யும் ஒரு சின்ன பட்டறையில் இன்ஜினியர் வேலை. தொகையைச் சொல்லக் கூச்சம்!

அன்று ராத்திரி ரயிலில் ஞாபகத்துக்கு வந்தவர் மைக்கேல் ஃபாரடே. அவருடைய விதியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள் நாம். அவர் எப்படி வாழ்ந்தார் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

1791-ல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகும். சிறு வயதில் ஒரே ஒரு ரொட்டியை வாரம் முழுக்க வைத்துச் சாப்பிட்ட காலமும் உண்டு. 14 வயதில் லண்டனில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்தான் அவருக்குக் காலேஜ். 1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளைத் தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். மறு வருஷம் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது.

1831 ஆகஸ்ட் 29 அன்று, ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு காயில்கள் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டு நிறுத்தும்போது மற்றதில் முள் அசைவதைப் பார்த்தார். நான் தினமும் பிரித்து மாட்டும் டிரான்ஸ்பார்மருக்கு அதுதான் தாத்தா.

இனிதான் கணக்கு. நிறுவனம் தந்தது வருஷம் 100 பவுண்டும், குடியிருக்க இடமும், கரியும், மெழுகுவத்தியும். கம்பெனிகளுக்குப் பரிசோதனை செய்து கொடுத்ததில் 1830-ல் மட்டும் 1000 பவுண்டுக்கு மேல் வந்தது என்று அவருடைய சக விஞ்ஞானி டின்டால் எழுதியிருக்கிறார். பத்து மடங்கு! காந்தமும் மின்சாரமும் நேரம் கேட்டபோது, அந்த வருமானத்தில் பெரும்பகுதியை ஃபாரடே விட்டுவிட்டார். பணம் சேர்த்து வைப்பது தவறு என்று கருதிய ஒரு சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் என்பதும் ஒரு காரணம். பின்னாளில் சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் வேண்டாமென்றார்.

அதற்காக அவரைச் சாமியார் ஆக்கிவிட வேண்டாம். 1835-ல் அரசாங்கம் கொடுத்த 300 பவுண்டு பென்ஷனை வாங்கிக்கொண்டார். 1858-ல் ராணி கொடுத்த வீட்டில் குடியேறி, 1867-ல் அங்கேயே காலமானார். ஹைகேட்டில் அவர் கல்லறை எளிமையானது. பணத்தை அவர் வெறுக்கவில்லை. எங்கே போதும் என்று தானே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு அப்பால் கிடைத்த பொழுதெல்லாம் அவருக்கே சொந்தம். அதில் ஆராய்ச்சி செய்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களைக் கூட்டி வைத்து, ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே ரசாயனம் சொல்லிக் கொடுத்தார். அவரைவிடப் பெரிய பணக்காரர் யார்?

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, வாடகையும் இல்லை. எனக்கு வீட்டு லோன் இருக்கு, மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. சம்பள உயர்வு தந்தால் நாளைக்கே வாங்கிக்கொள்வேன். ஆனால் எரிந்துபோன டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சரிசெய்து அனுப்பி, இருட்டில் கிடந்த கிராமத்தில் விளக்கு எரிந்தது என்று போன் வரும்போது மனசு நிறையுதே, அதை எந்த பே-ஸ்லிப்பிலும் எழுத மாட்டார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நல்ல சம்பளம் கேளுங்கள், தப்பில்லை. கூடவே உங்கள் கோடு எங்கே என்றும் யோசித்து வையுங்கள்.

இந்தத் தடவை நான் முதல் பந்தியில் இருப்பேன். எவ்வளவு தர்றாங்கன்னு கேளுங்க, கூசாமல் சொல்கிறேன்.